டேப் வைத்ததும் நிமிர்ந்துவிடுகிறார்கள்

தோளில் டேப்பை வைத்த அடுத்த நொடி எல்லாரும் நிமிர்ந்துவிடுகிறார்கள். பத்து வயதுப் பையனும் சரி, எழுபது வயதுப் பெரியவரும் சரி. மூச்சை இழுத்துப் பிடித்து, வயிற்றை எக்கி, நெஞ்சை முன்னால் தள்ளி, போலீஸ் தேர்வுக்கு வந்தவர் மாதிரி நிற்பார்கள். அந்த அளவுக்குத் தைத்தால் சட்டை பாழ். டேப்பை எடுத்ததும் மனிதர் பழையபடி ஆகிவிடுவார். சட்டையோ அந்த அரை நிமிஷம் நின்ற ஆளுக்குத் தைத்ததாக இருக்கும்.

நான் தொழில் கற்றது கோவில்பட்டியில், ஓர் அண்ணாச்சியிடம். அவர் அளவெடுக்கும்போது பேச்சுக் கொடுப்பார். "உங்க பக்கம் மழை உண்டா?" "பொண்ணை எந்த ஊர்ல கட்டிக் குடுத்திருக்கு?" வந்தவர் பதில் சொல்ல ஆரம்பித்ததும் மூச்சு வெளியே வரும், தோள் தானாக இறங்கும். அப்போதுதான் டேப் தோளுக்குப் போகும். பேச்சு எடுபடாத ஆளாக இருந்தால், "டீ சொல்லட்டுமா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு விறைப்பாக நின்று பதில் சொல்பவரை நான் இன்றுவரை பார்த்ததில்லை. நான் ஒருநாள் காரணம் கேட்டபோது, "டீக்கடையில நிக்கிற ஆளுக்குத்தாம்லே சட்டை தைக்கணும்" என்றார்.

அண்ணாச்சி காலமாகிப் பல வருஷம் ஆகிறது. நான் தனியாகக் கடை போட்டும் 24 வருஷம் ஓடிவிட்டது. ஆண்களுக்கு நான் அளவெடுப்பேன், பெண்களுக்கு என் மனைவி. அளவு நோட்டில் நீளம், நெஞ்சு, ஷோல்டர், கை, காலர் என்று எண்கள் வரிசையாக இருக்கும். ஓரத்தில் எங்களுக்கு மட்டும் புரிகிற குறிப்புகள் இருக்கும். வலது தோள் அரை இறக்கம். முதுகு வளைவு. தலை முன்னால். இப்படி ஒரு குறிப்பாவது இல்லாத பக்கம் எங்கள் நோட்டில் அபூர்வம். இரண்டு பக்கமும் அச்சடித்த மாதிரி இருக்கிற உடம்பு என்று ஒன்றை நான் அனேகமாகப் பார்த்ததே இல்லை.

தைத்த சட்டையைப் போட்டுப் பார்க்கச் சொன்னால் மீதியைத் துணியே சொல்லிவிடும். கழுத்தோரத்திலிருந்து அக்குளை நோக்கிச் சாய்வாக ஒரு மடிப்பு விழுந்தால் அந்தப் பக்கத் தோள் இறக்கம். காலர் பிடரியில் படியாமல் விலகி நின்றால் தலை முன்னால் போயிருக்கிறது. பின்பக்க ஓரம் மேலே ஏறி, முன்பக்கம் தொங்கினால் முதுகு வளைந்திருக்கிறது. ஆல்ட்ரேஷனுக்கு வரும் பழைய துணியில் இன்னும் தெளிவாகத் தெரியும். ஒரு கால் மடிப்பு மட்டும் தரையில் உரசி நைந்திருக்கும். ஒரு பின்பாக்கெட் மட்டும் பர்ஸ் வைத்து வைத்துச் சதுரமாக வெளுத்திருக்கும். அந்தப் பர்ஸின் மேல் அவர் பல வருஷம் பைக்கிலும் ஆபீஸ் நாற்காலியிலும் ஒரு பக்கம் உயர்ந்து உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம். அவரிடம் கேட்டால், "நானா? நேராத்தானே உட்கார்றேன்" என்பார். பொய் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் தெரிகிறது.

எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. என் சட்டைகளில் வலது அக்குள் பக்கம் ஒரு மடிப்பு விழுந்துகொண்டே இருக்கும். துணி சரியில்லை என்று நினைப்பேன், இல்லையென்றால் அயர்ன் சரியில்லை என்று. இருபது வயதில் எடுத்து எழுதிய என் அளவையே இடுப்பை மட்டும் மாற்றி மாற்றித் தைத்துக்கொண்டிருந்தேன். என் தோள் சமமாக இருக்கிறது என்பதில் எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை.

நான்கு தீபாவளிக்கு முன்னால் கை மரத்துப்போக ஆரம்பித்தது. வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும். சீசன் நேரம், ராத்திரி ஒரு மணி வரை மெஷின் ஓடும். தைலம் தேய்த்தேன். சுளுக்கு எடுப்பவரிடம் போனேன். பொங்கல் வரைக்கும் இழுத்தடித்துவிட்டு அப்புறம்தான் டாக்டரைப் பார்த்தேன். கை மரத்துப்போவதும் பிடி தளர்வதும் நரம்பு சம்பந்தப்பட்டவை. அவ்வளவு நாள் தள்ளிப்போட்டது தப்பு, யாரும் அப்படிச் செய்ய வேண்டாம். ஸ்கேன் பார்த்துவிட்டுக் கழுத்து எலும்புத் தேய்வு என்றார்கள். வயது ஏற ஏற, வலியே இல்லாதவர்களுக்கும் ஸ்கேனில் தேய்வு தெரியும் என்பதை நான் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு அந்த வார்த்தை பெரிய அடியாக இருந்தது. தேய்ந்துபோன கழுத்தை வைத்துக்கொண்டு எத்தனை வருஷம் தைக்க முடியும் என்று கணக்குப் போட்டபடி வீட்டுக்கு வந்தேன்.

அந்த மாதம்தான் மகள் ஒரு வீடியோ எடுத்தாள். கடையின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவதற்காக, நான் மெஷினில் உட்கார்ந்து காலர் தைப்பதைப் பக்கவாட்டில் இருந்து எடுத்தாள். ஒருமுறை பார்த்தேன். போனை அவளிடமிருந்து வாங்கி மறுபடி பார்த்தேன். தலை உடம்பைவிட்டுத் தனியாக முன்னால் போய் ஊசிக்கு மேலே நிற்கிறது. முதுகு வில்லாக வளைந்திருக்கிறது. வலது தோள் முன்னால் சரிந்து கீழே இறங்கியிருக்கிறது. அந்த முதுகை எனக்குத் தெரியும். அண்ணாச்சியின் முதுகு அது. பதினாறு வயதில் அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து காஜா எடுத்துக்கொண்டு, அவர் கையைப் பார்த்துப் பார்த்துத் தொழில் படித்தேன். அவர் உட்காரும் விதத்தையும் சேர்த்தே படித்திருக்கிறேன். அதை அவர் சொல்லித் தரவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை.

பிசியோதெரபிக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்தவர் என் மகளைவிட நாலைந்து வயதுதான் மூத்தவராக இருப்பார். கண்ணாடி முன்னால் என்னை நிறுத்தினார்.

"சார், கண்ணை மூடிக்கிட்டுத் தலையை நேரா வைங்க. வச்சாச்சா?"

"வச்சாச்சு டாக்டர்."

"நல்லாப் பாத்துக்குங்க. நேராத்தான் இருக்கா?"

"நேராத்தான் இருக்கு."

"கண்ணைத் திறங்க."

கண்ணாடியில் என் தலை வலப்பக்கம் சாய்ந்திருந்தது. கொஞ்சநஞ்சமில்லை, எதிர்க்கடையிலிருந்து பார்த்தால் தெரிகிற அளவுக்கு. மறுபடி கண்ணை மூடச் சொன்னார். இரண்டு உள்ளங்கையாலும் தலையைப் பிடித்து மெதுவாக எங்கோ கொண்டுபோய் வைத்தார். இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார். இடப்பக்கம் சரிந்து விழப்போகிற மாதிரி இருக்கிறது என்றேன். கண்ணைத் திறந்தால் தலை நட்டுவைத்த கம்பு மாதிரி நேராக இருந்தது.

அந்த நிமிஷத்தை என்னால் மறக்க முடியவில்லை. நேராக இருப்பது கோணலாகத் தெரிகிறது, கோணலாக இருப்பது நேராகத் தெரிகிறது. இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்திச் செய்து பாருங்கள். கண்ணை மூடி, கால் இரண்டையும் சமமாக ஊன்றி, தலையையும் தோளையும் நேராக வைத்துக்கொண்டு, போனில் ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். முன்னாலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று.

கண்ணை மூடினாலும் கை எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரிகிறதே, அந்த உணர்வுக்கு ஆங்கிலேய உடலியல் அறிஞர் சார்லஸ் ஷெரிங்டன் 1906-ல் புரொப்ரியோசெப்ஷன் என்று பெயர் வைத்தார். கண், காது, மூக்கு, நாக்கு, தோல் என்று பள்ளிக்கூடத்தில் படித்த ஐந்தில் இது சேராது. தசைகளுக்குள்ளே நடுவில் பருத்து இரு முனையும் மெலிந்த நுண்ணிய உறுப்புகள் இருக்கின்றன. நூல் சுற்றிய கதிர் மாதிரி இருப்பதால் ஆங்கிலத்தில் அவற்றுக்கு நூற்கும் கதிரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். தசை எவ்வளவு நீள்கிறது, எவ்வளவு வேகமாக நீள்கிறது என்று அவை மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். மண்டைக்கு அடியில் பிடரியில் இருக்கும் சின்னத் தசைகளில் இவை மிக நெருக்கமாக இருக்கின்றன. இந்த இழுவிசையை உணரும் பீசோ2 என்ற புரதத்தைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான ஆர்டெம் படபூட்டியனுக்கு 2021-ல் நோபல் பரிசின் ஒரு பாதி கிடைத்தது. ஷெரிங்டன் பெயர் வைத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆன பிறகும் ஆராய்ந்துகொண்டிருக்கிற விஷயம் இது. நம்மில் பெரும்பாலானோர் அதன் பெயரைக்கூடக் கேள்விப்பட்டதில்லை.

இந்த உணர்வு போய்விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒருவர் இருக்கிறார். இயன் வாட்டர்மேன் என்ற ஆங்கிலேயர். 1971-ல், 19 வயதில், ஒரு தொற்றுக் காய்ச்சலுக்குப் பிறகு கழுத்துக்குக் கீழே தொடு உணர்வும் இந்த இட உணர்வும் அவருக்கு இல்லாமல் போயின. தசையில் பலம் இருந்தது, கை கால் எங்கே இருக்கிறது என்ற சேதி மட்டும் வரவில்லை. முதலில் உட்காரக்கூட முடியவில்லை. ஒவ்வோர் அசைவையும் கண்ணால் பார்த்து, மனதால் கட்டளையிட்டு, பல மாதம் உழைத்து மறுபடி நடக்கக் கற்றார். விளக்கு அணைந்து இருட்டாகிவிட்டால் சரிந்து விழுவார். நான் இதைப் படித்த அன்று ராத்திரி, கரண்ட் போன நேரத்தில், இருட்டில் தடவிப் போய்த் தண்ணீர்ச் சொம்பை எடுத்துக் குடித்தேன். கையை வாய்க்குக் கொண்டுபோவது எவ்வளவு பெரிய கொடை என்று அப்போது தோன்றியது.

இவ்வளவு நுட்பமான உணர்வு எப்படித் தப்பான கணக்குச் சொல்கிறது? எங்கள் தொழிலில் இதற்கு ஒரு விஷயம் உண்டு. பழைய டேப் நாளாக ஆக இழுபட்டு நீண்டுவிடும். எண்கள் எல்லாம் அப்படியே இருக்கும், ஆனால் அளவு பொய்யாகிவிடும். அந்த டேப்பை வைத்தே அந்த டேப்பைச் சரிபார்க்க முடியாது. இரும்பு ஸ்கேலை எடுத்துப் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். உடம்பு எந்த நிலையில் அதிக நேரம் இருக்கிறதோ அதையே சமம் என்று எடுத்துக்கொள்கிறது. என் கழுத்தின் டேப் இழுபட்டுப் போயிருந்தது.

பிசியோதெரபி டாக்டர் இன்னொரு மனிதரைப் பற்றியும் சொன்னார். எஃப். எம். அலெக்சாண்டர். 1869-ல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பிறந்தவர், மேடையில் கவிதைகளை நடித்து ஒப்பிப்பது தொழில். மேடை ஏறினால் பாதியில் குரல் கம்மிவிடும். ஓய்வெடுத்தால் சரியாகும், மேடையேறினால் திரும்ப வரும். அப்படியென்றால் மேடையில் தான் ஏதோ செய்கிறோம் என்று, கண்ணாடி வைத்துக்கொண்டு தன்னையே பார்க்க ஆரம்பித்தார். ஒப்பிக்கத் தொடங்கும் கணத்தில் தலையைப் பின்னால் இழுத்துத் தொண்டையை அழுத்துகிறார், மூச்சை வாயால் உறிஞ்சுகிறார். சரி, தலையை முன்னால் கொண்டுவருவோம் என்று செய்தார். செய்துவிட்டதாகவே உணர்ந்தார். கண்ணாடியில் பார்த்தால் முன்பு போலவே பின்னால்தான் இழுத்துக்கொண்டிருக்கிறார். எனக்குக் கண்ணாடி முன்னால் நடந்தது அவருக்கு நூறு வருஷத்துக்கு முன்னாலேயே நடந்திருக்கிறது. அதிலிருந்து அவர் உருவாக்கிய பயிற்சிமுறை இன்றும் அவர் பெயரிலேயே இருக்கிறது. தலையைச் சரிசெய்ய முயல்வதை அவர் நிறுத்திவிட்டு, பழைய இழுப்பு தொடங்கும் அந்தக் கணத்தைப் பிடித்து, அதற்கு இடம் கொடுக்காமல் இருக்கப் பழகினார். 2008-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் நீண்டநாள் முதுகுவலிக்காரர்கள் 579 பேரை வைத்து ஓர் ஆய்வு வந்தது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு நான்கு வாரத்தில் 21 நாள் வலி இருந்தது. இந்தப் பயிற்சியில் 24 பாடம் எடுத்தவர்களுக்கு ஒரு வருஷம் கழித்து அது 3 நாளாக இருந்தது. இந்த முறை எல்லா நோய்க்கும் மருந்து என்று பேசுகிறவர்களும் உண்டு, அதை நான் ஏற்கவில்லை. முதுகுவலி விஷயத்தில் இந்த எண் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

சரி, கடைக்கு வருகிறேன். டாக்டர் எனக்குக் கழுத்துக்கும் தோளுக்கும் பயிற்சிகள் கொடுத்தார், செய்தேன், இன்னும் செய்கிறேன். கூடவே ஒரு வேலை கொடுத்தார். ஒரு வாரத்துக்கு எதையும் சரிசெய்யக் கூடாது. நிமிரக் கூடாது. ஏதாவது ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, அதைச் செய்யும்போது உடம்பு என்ன செய்கிறது என்று பார்க்க மட்டும் வேண்டும்.

நான் ஊசியில் நூல் கோப்பதை எடுத்துக்கொண்டேன். ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது செய்கிற வேலை. முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை, நூல் கோத்து முடித்த பிறகுதான் பார்க்க வேண்டும் என்பதே ஞாபகம் வந்தது. இரண்டாம் நாள் மூச்சு அகப்பட்டது. நூல் முனையை நாக்கில் நனைத்து, இரண்டு விரலால் கூராக்கி, ஊசிக் காதுக்குக் கொண்டுபோகிறேன். அந்த இடத்தில் மூச்சு நின்றுவிடுகிறது. நூல் அந்தப் பக்கம் வந்ததும் பெருமூச்சு. மறுநாள் தாடை. பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு அடுத்த நாள் தெரிந்ததுதான் எனக்கு ஆச்சரியம்: மிதிக்குப் பக்கத்தில் சும்மா இருக்கிற இடது காலின் விரல்கள் செருப்புக்குள்ளே மடங்கித் தரையைப் பிடித்துக்கொண்டிருந்தன. நூல் கோப்பதற்கும் கால் விரலுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. ஆனாலும் இத்தனை வருஷமாக அது உடன் உழைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

கண்டுபிடித்ததும் விரல் தானாக விரிந்தது. நான் எதுவும் செய்யவில்லை. அந்த வாரம் முழுவதும் இதே மாதிரிதான். கத்திரியை நான் துணி கேட்பதற்கு மேல் இரண்டு மடங்கு பலத்தில் பிடிக்கிறேன். சாணை பிடித்த பத்து அங்குலக் கத்திரி பாப்ளினில் தானாக ஓடும், ஆனாலும் என் கைக்கு எப்போதும் ஜீன்ஸ் வெட்டுகிற பிடிதான். மெஷினில் கடைசித் தையல் வரும்போது தலை இன்னும் ஒரு அங்குலம் முன்னால் போகிறது, பார்த்து முடித்துவிடலாம் என்கிற மாதிரி. தலை சுமார் ஐந்து கிலோ. 60 டிகிரி குனிந்தால் கழுத்து மேல் 27 கிலோ இறங்குகிறது என்று 2014-ல் அமெரிக்காவில் ஒரு முதுகெலும்பு அறுவை மருத்துவர் சொன்னது போனில் எல்லாருக்கும் வந்திருக்கும். அது கணினியில் கணக்குப் போட்டு எடுத்தது, யாருடைய கழுத்திலும் அளந்தது இல்லை. ஆனால் தலையை முன்னால் நீட்டியபடி இரண்டு மணி நேரம் இருந்தால் பிடரி என்ன சொல்லும் என்பதற்கு எனக்கு எண் தேவைப்படவில்லை.

கட்டிங் டேபிளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது அண்ணாச்சியின் கடையிலிருந்து வந்தது. தேக்கு. அவருக்குப் பிறகு அவர் வீட்டார் எனக்குக் கொடுத்தார்கள், கடையில் அதை ஒரு சாமி மாதிரி வைத்திருக்கிறேன். ஒருநாள் ஒரே மூச்சில் பள்ளிக்கூட யூனிஃபார்ம் முப்பது செட் வெட்டிவிட்டு நிமிரும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தேன். நிமிர்ந்ததை அன்றுதான் கவனித்தேன். அண்ணாச்சி என்னைவிட அரை அடி குள்ளம். டேபிள் அவர் உயரத்துக்குச் செய்தது. நான் இத்தனை வருஷமாக அவர் உயரத்துக்குக் குனிந்துகொண்டிருக்கிறேன். மறுநாள் ஆசாரியைக் கூப்பிட்டு நான்கு காலுக்கும் அடியில் ஐந்து அங்குலக் கட்டை வைத்தேன். மொத்தம் ஒரு மணி நேர வேலை. 1999-ல் ஜெர்மனியில் தன்னார்வலர் ஒருவரின் முதுகெலும்புத் தட்டுக்குள் ஓர் அழுத்தமானியைப் பொருத்தி, நிற்க, உட்கார, குனிய வைத்து அளந்தார்கள். நேராக நிற்கும்போது இருந்த அழுத்தம் நின்றபடி குனிந்தபோது இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. சாதாரணமாக உட்கார்ந்தபோதோ நிற்பதைவிட அதிகமாகவில்லை. ஒரே ஒருவரிடம் எடுத்த அளவுதான். ஆனாலும் உட்கார்ந்தே தைப்பதுதான் என்னைக் கெடுத்தது என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, டேபிள் பக்கம் திரும்பிப் பார்க்க அது ஒரு காரணம் கொடுத்தது.

குனிவதிலும் இரண்டு விதம் உண்டு. நாற்று நடுகிற பெண்களைப் பாருங்கள், வாசலில் கோலம் போடுகிறவர்களைப் பாருங்கள். பழகியவர்கள் இடுப்பெலும்பு தொடையோடு சேரும் இடத்தில் மடிகிறார்கள், முதுகு பலகை மாதிரி நீளமாகவே இருக்கிறது. நான் மடிந்தது நாபிக்கு எதிரே, முதுகின் நடுவில். மர ஸ்கேலை முதுகுத்தண்டோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தால் தெரிந்துவிடும், தவறாக மடிந்தால் ஸ்கேல் விலகும். என் அம்மா இரண்டு தெரு தள்ளி இருந்த பொதுக்குழாயிலிருந்து தலையில் சும்மாடு வைத்து ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம் கொண்டுவருவாள். சொட்டுத் தண்ணீர் சிந்தாது. கென்யாவில் தலைச்சுமைப் பெண்களை ஆராய்ந்து 1986-ல் நேச்சர் இதழில் எழுதினார்கள்: தங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை சுமக்கும்போது அவர்களுக்கு வெறுங்கையோடு நடப்பதைவிடக் கூடுதல் சக்தி செலவாகவில்லை. நடையில் அவ்வளவு நுட்பம். இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் முழங்கால் போய்விட்டது. எவ்வளவு அழகாகச் சுமந்தாலும் சுமை சுமைதான். குழாய் வீட்டுக்குள் வந்த நாளில் அவள் சும்மாட்டுத் துணியைக் கரித்துணியாக்கிவிட்டாள்.

"கூன் போடாதே" என்று பிள்ளைகளைத் திட்டுகிறோம். அதைப் பற்றி என் மனைவி ஒன்று சொன்னாள், அதிலிருந்து நான் யாரையும் அப்படிச் சொல்வதில்லை. சுடிதாருக்கு அளவு கொடுக்க வரும் பெண் பிள்ளைகளில், பன்னிரண்டு பதிமூன்று வயதில் பலருக்குத் தோள் முன்னால் மடங்கிவிடுகிறது. முந்தைய வருஷம் அப்படி இல்லை. பஸ்ஸிலும் தெருவிலும் பார்க்கிற பார்வைக்கு அந்தப் பிள்ளை தன் உடம்பை ஒளித்துவைக்கிறது. கூடவே வந்த அம்மா, "நிமிர்ந்து நில்லுடி" என்று முதுகில் தட்டுவார். அதே அம்மா வீட்டை விட்டுக் கிளம்பும்போது, "துப்பட்டாவை ஒழுங்காப் போடு" என்றும் சொல்லியிருப்பார். அந்த முதுகு எந்தப் பேச்சைக் கேட்கும்?

என் அப்பா முதுகும் அப்படித்தான். கூலி வேலை. முதலாளி வீட்டு வாசலில் தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்பார், முழங்கால் லேசாக மடிந்திருக்கும். என் கல்யாணத்துக்கு அவருக்கு நானே சட்டை தைத்தேன். டேப் வைத்ததும் நிமிராத ஒரே மனிதர் அவர். நான் டேப்போடு எதிரே நின்றபோது இன்னும் கொஞ்சம் குனிந்தார், பெற்ற மகன் முன்னால்கூட. பின்பக்கம் ஒன்றரை அங்குலம் கூடுதலாக வெட்டினேன். சட்டை அவருக்கு நன்றாக உட்கார்ந்தது. போட்டோவில் அழகாக இருக்கிறார்.

அதனால்தான் நிமிர்த்துவதில் எனக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது. விறைப்பாக நிமிர்ந்தவரை அரை நிமிஷத்துக்கு மேல் நான் பார்த்ததில்லை, என் தொழிலே அதற்குச் சாட்சி. கவனிப்பதில் நம்பிக்கை இருக்கிறது. அதற்கென்று நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. உங்கள் பழைய செருப்பைத் திருப்பிப் பாருங்கள், எந்தக் குதிகால், எந்த ஓரம் தேய்ந்திருக்கிறது என்று. பல் தேய்க்கும்போது எந்தக் காலில் நிற்கிறீர்கள்? தோசைக்கு நிற்கும்போது இடுப்பை மேடையில் சாய்த்திருக்கிறீர்களா? சிக்னலில் பைக் நிற்கும்போதும் ஹேண்டில்பாரை ஓடுகிற வண்டி மாதிரியே இறுக்கிப் பிடித்திருக்கிறீர்களா? ஏதாவது ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரு வாரம் பாருங்கள். இரண்டாவது வேலையை எடுக்க அவசரப்பட வேண்டாம், நான் அவசரப்பட்டு ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் கவனிக்கப் போய் ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் மாற்றி வைத்துத் தைத்துப் பிரித்தேன்.

விரல் மரப்பு ஏழெட்டு மாதத்தில் விட்டது. எதனால் விட்டது என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. பயிற்சி, டேபிள் கட்டை, ராத்திரி பத்துக்கு மேல் மெஷின் ஓட்டாதது, எல்லாம் சேர்ந்துதான். கழுத்து வலி மாதத்துக்கு இரண்டு மூன்று நாள் வரும். வந்தால் இப்போது பயம் வருவதில்லை, முந்தின நாள் எந்த வேலையில் என்னை மறந்தேன் என்று தேடுவேன். பெரும்பாலும் கிடைத்துவிடும்.

போன மாதம் தங்கை வீட்டுப் புதுமனைக்கு எனக்கு ஒரு சட்டை வேண்டியிருந்தது. வெள்ளைத் துணி எடுத்து வைத்திருந்தேன். பழைய அளவை நோட்டில் அடித்துவிட்டு, கடையில் வேலை பழகுகிற தம்பியைக் கூப்பிட்டு அளவெடுக்கச் சொன்னேன். நீளம் எடுத்தான். நெஞ்சு எடுத்தான். ஷோல்டருக்கு டேப் பின்கழுத்தில் பட்டதும் மூச்சு தானாக உள்ளே போய்விட்டது, எனக்கே தெரிந்தது. அவன் கையை எடுத்துவிட்டான்.

"அண்ணே, டீ சொல்லட்டுமா?"

"இஞ்சி போட்டுச் சொல்லு" என்று திரும்பினேன். டேப் தோளில் இருந்தது. வலது பக்கம் முக்கால் அங்குலம் இறக்கம் என்று நோட்டில் எழுதினான்.